பத்தில் ஒன்று

வரைபடத்தில் நிற்க மனிதர்கள்
இலவசமாகக் கிடைப்பார்கள்.
கழுத்தில் கம்பளி, கையில் காப்பி, முன்னால் ஒரு நாய்.
செத்தாப்பாக்கில் நான் வரைந்த சந்தைக்குள்
பனிக்காலம் முடியாதவர்களாய்
நடந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டாம் ஆண்டு நடுவர் அமர்வு.
மூன்று இரவாகத் தூக்கமில்லை,
உள்ளங்கையில் கட்டர் போட்ட கோடு.
நாய்க்காரரை அழித்துவிட்டு
வாளியோடு ஒருத்தியை நிறுத்தியிருந்தேன்.
எங்கள் மாடியைத் துடைக்கும் புஷ்பராணியின் உயரம்:
ஒன்று புள்ளி நான்கு எட்டு மீட்டர்.

"யார் இது?" என்றார் கறுப்புச் சட்டை நடுவர்.
"அளவுக்கு, சார்."
"அளவு சரி, கருத்து எங்கே?"
என் கூரையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்,
பேசிக்கொண்டே அதன்மேல் உட்கார்ந்தார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான்தான் முதலில் சிரித்தேன்.

பிறகு பங்சாரில் வேலை.
ஆறு மாதம் கழிப்பறை ஓடுகள்,
எட்டு மாதம் கதவு அட்டவணை.
இரவு ஒன்பதுக்குப் பையை எடுத்தால்
"அரைநாள் லீவா?" என்பான் பூன் கியட்.
அவன் மேசைக்கடியில் தலையணை இருந்தது.

தேவசகாயம் சார் நல்லவர்.
என் தேர்வுக் கட்டணத்தை அவர்தான் கட்டினார்.
ஒரு மாலை என் தோளுக்குப் பின்னால் நின்று
திரையைத் தொட்டார்:
சமையலறைக்குப் பின்னே, லிஃப்ட் சுவரை ஒட்டி,
ஒன்றரைக்கு இரண்டு.
பணிப்பெண் அறை என்று எழுதியிருந்தேன்.
"அறைன்னா ஜன்னல் கேப்பாங்கம்மா.
ஸ்டோர்னு போடு."

தேடு. மாற்று. எல்லாவற்றையும் மாற்று.
ஏழாம் மாடியிலிருந்து முப்பத்தொன்று வரை,
மாடிக்கு நான்கு வீடு.
நூறு இடங்களில் மாற்றப்பட்டது என்றது கணினி,
மிகப் பணிவாக.

அன்றிரவு யாருக்கும் சொல்லாமல்
கதவு அட்டவணையைத் திறந்தேன்.
டி-ஏழு: அடிப்பாகத்தில் காற்றுச் சட்டங்கள்.
கதவுக்கு முப்பது வெள்ளி கூடுதல்.
யாரும் கவனிக்கவில்லை.
அதை ஒரு ரகசியம்போல வைத்திருந்தேன், ரொம்ப நாள்.

மூன்றாம் பகுதி நேர்காணல்.
மேசைக்குப் பின்னால் மூன்று பேர்,
ஒருவர் கண்ணாடியைத் துடைத்தபடி:
"வசிக்கும் அறைக்கு வெளிச்சம் எவ்வளவு?"
"தரைப் பரப்பில் பத்தில் ஒன்றுக்குக் குறையாமல்."
தயங்காமல் சொன்னேன்.
அடுத்த கேள்வி வடிகால் பற்றி.

பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து வந்தது.
"டாக்டராயிட்டியா?" என்றார் எதிர்வீட்டு மாமா,
முட்டிவலிக்கு மருந்து கேட்டார்.

சாவி கொடுத்த பிறகு குறை பார்க்கப் போனேன்.
பத்தொன்பதாம் மாடி, சி வகை.
டைல்ஸைத் தட்டி, குழாயைத் திறந்து மூடி,
கடைசியாக டி-ஏழு.
உள்ளே மெத்தை, குறுக்கே சுருட்டியது;
நீட்டினால் கதவு திறக்காது.
ஆணியில் வெள்ளைத் தொழுகை உடை.
லொம்போக்கிலிருந்து வந்தவள், பெயர் நூர்ஹயாத்தி.
கதவின் சட்டங்களில்
பழைய செய்தித்தாளை மடித்து மடித்து அடைத்திருந்தாள்.
"ஏன்?" என்றேன் மலாயில்.
"கரப்பான் வருது, கக்.
ராத்திரி முழுக்க சமையலறை லைட்டும்."

படிவத்தில் மூன்று கட்டம்.
ஸ்டோர் என்று அச்சாகியிருந்ததை அடித்து
அறை என்று எழுதினேன்.
குறை: ஜன்னல் இல்லை.
கீழே கையெழுத்து, அந்த இரண்டு எழுத்தோடு.

பதினான்காம் நாள்
குத்தகைக்காரரிடமிருந்து பதில் வந்தது.
என் வரைபடம் இணைப்பில்,
மூலையில் என் கையெழுத்துக்கு ஒரு சிவப்பு வட்டம்.
ஒரே வரி:
வரைபடத்தின்படியே.